வளையத்தில் விழாத கல்

மலாயாவில் பெக்கோக் ஸ்டேஷனில் இறங்கி ரப்பர்த் தோட்டத்துக்குப் போகிறவர்கள் இப்போதெல்லாம் லாரியில் ஏறி உட்கார்ந்து, போட்ட வெற்றிலையைத் துப்புவதற்குள் ரப்பர்ப் பால் கொட்டகை வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். நல்ல ரோடுதான், குற்றம் சொல்ல முடியாது. அது எப்படி வந்தது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அத்தனையும் துரைமார் கதை. வெள்ளையம்மாவின் கதையைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. ஜெர்மன்காரனோடு பெரிய சண்டை தொடங்கின காலத்தில் அந்தத் தோட்டத்தில் இருந்தவள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

சேலத்துப் பக்கத்துப் பெண். கல்யாணமான மறு வருஷமே புருஷன் காளியப்பனோடு, வீரமுத்துக் கங்காணி திரட்டின கூட்டத்தில் சேர்ந்து கப்பலேறி வந்தாள். வந்த புதிதில் காடு வெட்டுகிற இடத்தில், வெட்டிச் சாய்த்த மரம் ஒன்று உருண்டு அவள் வலது காலில் ஏறியது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. மேட்டில் ஏற முடியாது, பள்ளத்தில் இறங்க முடியாது. ரப்பர்க் காட்டில் மேட்டையும் பள்ளத்தையும் விட்டால் வேறென்ன இருக்கிறது? அப்படிப்பட்டவர்களுக்கென்றே தோட்டத்தில் ஓர் இடம் வைத்திருந்தார்கள். கல்லுக் கொட்டகை என்று பெயர்.

அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட நீளக் கொட்டகை. கால் போனவள், பிள்ளை பெற்று எழுந்தவள், பக்கத்து அறை அங்கம்மாவைப்போல நிறைமாசமாக இருப்பவள், எல்லாரும் அங்கே உட்கார்ந்து ரோட்டுக்குக் கல் உடைப்பார்கள். கல்லைப் பழந்துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் சுத்தியலை இறக்குவார்கள், சில்லு தெறித்துக் கண்ணில் படக்கூடாதே என்று. தூணில் ஓர் இரும்பு வளையம் தொங்கும். உடைத்த கல் அந்த வளையத்துக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் இன்னும் ஓர் அடி. காலையில் கை வலிக்கும். மத்தியானத்துக்கு மேல் மரத்துப்போகும், பிறகு வலி தெரியாது. வெள்ளையம்மா அந்த நேரத்துக்காகத்தான் காத்திருப்பாள்.

காளியப்பன் வேறு மாதிரி. ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத ஆள். தங்காக் பக்கத்தில் வேறொரு தோட்டத்தில் அவன் அண்ணன் இருந்தான். அங்கே கங்காணி கை நீட்டமாட்டான், மலைத் தண்ணீர் கற்கண்டாக இருக்கும் என்றெல்லாம் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். இவன் சும்மா இருப்பானா? "நான் முன்னாடி போறேன். வேலை பார்த்துட்டு வந்து உன்னைக் கூட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒருநாள் நடந்துவிட்டான்.

அந்தக் காலத்துச் சட்டம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கைநாட்டு வைத்த கூலியாள் சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால், ஆட்டுக்குட்டி திருடினவனைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார்கள். அவன் திருடினது அவனையேதான், வேறொன்றும் இல்லை! காளியப்பனுக்கு ஓடுவது இரண்டாவது தடவை வேறு. சிகாமட் தாண்டுவதற்குள் மாத்தா-மாத்தா என்கிற மலாய்ப் போலீஸ் வந்து விலங்கு போட்டுவிட்டது. ஆறு மாதம் ஜெயில், அது முடிந்ததும் திரும்பி வந்து இதே தோட்டத்தில் பாக்கி நாளுக்கு வேலை செய்ய வேண்டும் என்று தீர்ப்பு.

கோர்ட்டு வாசலில் வெள்ளையம்மாவைக் கொஞ்ச நேரம் பேச விட்டார்கள்.

"வெள்ளே, தோட்டத்தை விட்டு எங்கேயும் போயிடாதே" என்றான். "எனக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, உனக்கும் தெரியாது. வெளியே வந்தா நேரா நம்ம லயத்துக்குத்தான் வருவேன். நீ அங்கே இல்லேன்னா உன்னை நான் எங்கே போய்த் தேடுறது?"

"இருக்கேன்."

"நல்லா வேலை செஞ்சா தண்டனைல நாள் கழிப்பாங்களாம். தீபாவளிக்கே வந்துடுவேன், பார்த்துக்கிட்டே இரு."

"வாங்க."

அது ஆடி மாதம். அவனைத் தெற்கே கொண்டுபோனார்கள். எந்த ஜெயில், என்ன வேலை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து, கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு, மறுநாள் கல்லுக் கொட்டகைக்குப் போனாள்.

புரட்டாசியில் ஒருநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுத்து முடித்ததும் வீரமுத்துக் கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கல்லுக் கொட்டகை ஆளுங்க கேட்டுக்குங்க. இனிமே இங்கே கல்லு உடைக்கிற வேலை கிடையாது. கம்பெனி கண்டிராக்டர்கிட்ட உடைச்ச கல்லாவே வாங்குது, ரயில்ல வந்து இறங்கிடும். நடக்க முடிஞ்சவங்க புல்லு வெட்டப் போங்க. முடியாதவங்க பேரை டிப்போவுக்குக் குடுத்துடலாம். கப்பல் செலவு கம்பெனியோடது, யாரும் கவலைப்பட வேண்டாம்."

டிப்போ என்றால் வேலைக்கு ஆகாத ஆட்களைச் சேர்த்து ஊருக்குக் கப்பலேற்றுகிற இடம். வெள்ளையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள். ஊருக்குப் போவதற்கு அழுகிறாளே என்று நினைக்காதீர்கள். புருஷன் ஜெயிலில், இவள் கப்பலில். அவன் திரும்பி வந்து பார்க்கும்போது லயத்து அறையில் வேறு எவனோ சமைத்துக்கொண்டிருப்பான். ஒருத்தரையொருத்தர் இந்த ஜன்மத்தில் கண்டுபிடிக்க முடியாது.

"கங்காணி, அவரு வர்ற வரைக்குமாவது என்னை வச்சிருங்க" என்று அவள் கெஞ்சினாள். "உக்காந்து செய்யுற வேலை எதுவானாலும் செய்யுறேன்."

"உன் புருஷன் செஞ்ச காரியத்துக்கு உன்னை இத்தனை நாள் வச்சிருந்ததே பெருசு. கார்த்திகைல ஒரு கப்பல் இருக்கு. துணிமணியை மூட்டை கட்டி வை."

அங்கம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் கங்காணி, இந்தாண்ட வந்தப்போ உன் துணிமணியை யாரு சுமந்தா? இவ புருஷன்தானே?" என்று கேட்டுவிட்டாள். கங்காணி காதில் விழாததுபோல் போய்விட்டான்.

வெள்ளையம்மா ஆபீஸ் பக்கம் போய், படிக்குக் கீழே நின்றாள். கணக்கெழுதுகிற கிராணி அம்பிகைபாகன் யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றியில் திருநீறு அழியாத மனிதர். யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. கூலியாட்களிடம் அவருக்கு நல்ல பெயர்தான்.

"ஐயா, இந்தக் கல்லெல்லாம் எங்கேருந்து வருதுங்க?"

"உனக்கேன் பிள்ளை உந்தக் கதை? தெற்கையிருந்து வருது. கண்டிராக்டர் தாறான், கம்பெனி வாங்குது."

"நாங்க உடைக்கிறதைவிட மலிவுங்களா?"

"மலிவில்லாட்டி ஏன் வாங்கீனம்? சும்மா நில்லாமல் போ."

அவருக்குத் தெரியும். கண்டிராக்டர் எங்கே கல் எடுக்கிறான், அவனுக்கு அது எப்படி அந்த விலைக்குக் கட்டுகிறது, கூலியே கொடுக்காமல் யார் கையை வைத்து உடைக்கிறான் என்பதெல்லாம் அம்பிகைபாகனுக்குத் தெரியும். துரைக்கும் தெரியும். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை, அவ்வளவுதான். ஒரு வார்த்தை, ஜெயில் கல் என்று ஒரே ஒரு வார்த்தை அன்றைக்கு அந்தப் படியில் விழுந்திருந்தால், பின்னால் நடந்தது எதுவுமே நடந்திருக்காது. அந்த மனிதர்மேல் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ரயிலில் கல் வந்து இறங்கியது. மாட்டு வண்டியில் ஏற்றி ரோட்டோரமாகக் கொட்டிக்கொண்டே போனார்கள். வெள்ளையம்மா ஒரு குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கல் பெரிது. எல்லாம் இல்லை, ஆனால் பாதிக்குப் பாதி பெரிது. எவனோ அவசர அவசரமாக இரண்டு போடு போட்டுக் குவித்திருக்கிறான். கல்லுக் கொட்டகையில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் கல்லுக் கொட்டகையை யார் கேட்கப்போகிறார்கள்?

துரையிடம் நேராகப் பேசுகிற வழக்கம் தோட்டத்தில் கிடையாது. கூலியாள் கங்காணியிடம் சொல்ல வேண்டும், கங்காணி கிராணியிடம், கிராணி துரையிடம். நடுவில் எங்கேயாவது ஒருவர் விழுங்கிவிட்டால் பேச்சு அங்கேயே செரித்துப் போகும். ஆகையால் வெள்ளையம்மா யாரிடமும் சொல்லவில்லை. தூணில் தொங்கின வளையத்தைக் கழற்றிக்கொண்டு போய், துரை குதிரையில் வருகிற நேரம் பார்த்து, நடு ரோட்டில் கோணல் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், எழுந்திரு! குதிரை மிதிச்சுடும்!" என்று கங்காணி தலைதெறிக்க ஓடிவந்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு கல்லை எடுத்து வளையத்தின்மேல் வைத்தாள். விழவில்லை. அதை ஓரமாகப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்து வைத்தாள். அதுவும் விழவில்லை. துரை குதிரையை நிறுத்தி, இறங்கி, தானே ஒரு கல்லை எடுத்து வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று கங்காணி நடுங்கிக்கொண்டிருந்தான். வந்ததோ சந்தோஷம். விலையில் கண்டிராக்டரைக் குனிய வைக்க அவருக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது அல்லவா!

அந்த வேகன் கல் முழுவதையும் வாரி ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அதோடு, இனி வரும் கல்லை வளையம் போட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். ஸ்டேஷன் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை. வெள்ளையம்மாவின் பெயர் டிப்போவுக்குப் போகவில்லை. அன்றைக்கு அவள் கருவாட்டுக் குழம்பு வைத்து அங்கம்மாவுக்கும் கொடுத்தாள். காளியப்பன் போனதற்குப் பிறகு அவள் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

"கெட்டிக்காரிடி நீ" என்றாள் அங்கம்மா. "உன் புருஷன் வந்தா உன் கால்ல விழுந்து கும்புடணும்."

அதற்குப் பிறகு வந்த கல் சின்னதாகத்தான் வந்தது. ஆனாலும் வெள்ளையம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கழித்துப் போட ஒன்றுமே இல்லையென்றால் அவள் எதற்கு என்று துரை கேட்டுவிடுவாரே! வளையத்தில் உரசிக்கொண்டு விழுகிற கல்லைக்கூட அவள் கழிவுக் குவியலில் போட்டாள். ஒவ்வொரு வேகன் திரும்பிப் போகும்போதும் அந்தக் கழிவுக் கல்லும் தெற்கே போனது.

தீபாவளி வந்தது, அவன் வரவில்லை. கார்த்திகை தீபத்துக்கு வருவான் என்று நினைத்தாள். மார்கழி போயிற்று. தைப் பொங்கலுக்கு ஒரு சொம்பில் பால் பொங்க வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதமும் முடிந்துவிட்டது, ஆள் வரவில்லை. எதிர்பார்ப்பதையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். வளையம், கல், வளையம், கல். ரோடு போட்டு முடிந்தது. வளைய வேலையும் நின்றது, ஆனால் அடுத்த கப்பல் சித்திரையில்தான் என்று அவளை லயத்தில் விட்டுவைத்தார்கள்.

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. காளியப்பன் நின்றான். தலையை மொட்டை அடித்திருந்தார்கள். இடது கண் மூடியிருந்தது. வெறுமனே மூடியிருக்கவில்லை, இமைக்குள்ளே கண்ணே இல்லை.

"இருக்கியா" என்றான்.

"இருக்கேன்" என்றாள்.

அவள் சோறு வடித்தாள். சாப்பிட உட்கார்ந்த பிறகு அவனாகவே சொன்னான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான்.

"கல்லு உடைக்கிற வேலை குடுத்தாங்க. ஒரு நாளைக்கு இவ்வளவு குவியல்னு கணக்கு. அதுக்கு மேல குவிச்சா நாள் கழியும். கல்லு எங்கே போகுது, யாரு வாங்குறா, ஒண்ணும் தெரியாது. ரயில்ல ஏறிப் போயிடும். ஒருநாள் வேகன் மொத்தமும் திரும்பி வந்துருச்சு. எந்தத் தோட்டத்துலயோ எவளோ ஒரு பொம்பளை வளையத்தை வச்சுக்கிட்டு, இது பெருசு அது பெருசுன்னு காட்டிக் குடுத்துட்டாளாம். கண்டிராக்டர் ஆளு வந்து குதிச்சான்."

வெள்ளையம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கழிச்ச நாளெல்லாம் போச்சு. அன்னாடக் கல்லையும் உடைக்கணும், திரும்பி வந்ததையும் உடைக்கணும். அதுக்கப்புறமும் வாரா வாரம் திரும்பி வந்துக்கிட்டே இருந்துச்சு. முடியாதுன்னு நாங்க உக்காந்தோம். அதுக்கு மேற்கொண்டு நாள் போட்டாங்க, கஞ்சியைப் பாதியாக்கிட்டாங்க. எங்களால யாரை என்ன பண்ண முடியும்? எல்லாருமாச் சேர்ந்து அந்தப் பொம்பளைக்கு மண்ணை வாரித் தூத்தினோம்."

"என்னன்னு?"

"என்னன்னா? அவ புருஷன் கண்ணு அவிஞ்சு போகணும், அவ அவனைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு அலையணும்னு. நான்தான் சொல்லிக் குடுத்தேன், மத்தவங்க கூடச் சொன்னாங்க." ஒரு வாய் சோற்றை விழுங்கினான். "அப்புறம் ரெண்டு நாள்ல சில்லு தெறிச்சு இந்தக் கண்ணு போச்சு. கல்லைச் சுத்திப் புடிக்க ஒரு கந்தலாவது குடுங்கடான்னு கேட்டோம். குடுக்கல. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து."

அவள் ஊற்றினாள்.   நம் பெண்களைத் திட்ட வேண்டுமென்றால் நேராகவா திட்டுகிறார்கள்? தாலியைத்தான் திட்டுவார்கள், புருஷனைத்தான் திட்டுவார்கள். எவளோ ஒருத்தியின் புருஷனுக்குக் கண் அவிய வேண்டும் என்று இந்த மனிதன் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறான். அந்தப் புருஷன் இதோ எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

மறுநாள் அவள் ஆபீஸ் படிக்குக் கீழே போய் நின்றாள். "ஐயா, அது ஜெயில் கல்லுன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

அம்பிகைபாகன் பேனாவை வைத்தார். "பில்லிலை கண்டிராக்டற்றை பேர்தான் கிடந்தது" என்றார். "ஜெயில் எண்டு ஒரு இடத்திலையும் எழுதேல்லை, பிள்ளை." எழுந்து உள்ளே போய்விட்டார்.

வெள்ளையம்மா அன்றைக்கே புருஷனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காளியப்பன் ஜெயில் பேச்சை அவளைத் தவிர வேறு யாரிடமும் எடுக்கவில்லை, வெட்கம். லயத்தில் யாரும் வளையத்துப் பேச்சை அவனிடம் எடுக்கவில்லை. எடுக்க ஒன்றும் இருப்பதாக அவர்களுக்குத் தெரியாது. அப்படியே விட்டிருந்தால் ஆயுசுக்கும் மறைந்திருக்கும். ஆனால் மாசி முடிவதற்குள் மற்றக் கண்ணிலும் நீர் வடியத் தொடங்கியது. வெளிச்சம் பட்டால் குத்துகிறது என்றான். விளக்கைச் சுற்றிப் புகைபோலத் தெரிகிறது என்றான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் இமையைத் தூக்கிப் பார்த்தார். "ஒரு கண்ணு இப்படி அடிபட்டுச்சுன்னா சில பேருக்கு மத்த கண்ணும் கூடவே போகும்" என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்.

வெள்ளையம்மா அங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அங்கம்மா இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்கிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! மருந்து ஊத்தி என்னடி ஆகும்? மண்ணு தூத்தின வாயாலேயே சாபத்தை விட்டுட்டேன்னு சொல்லணும். மண்ணை எடுத்து மஞ்சத் தண்ணியில கரைச்சு, முக்குல ஊத்திட்டுச் சொல்லணும். எங்க ஊர்ல அப்படித்தான்."

"யாரை விட்டேன்னு சொல்றதுன்னு கேப்பாரே."

"கேக்கட்டும். சொல்லு. அடிச்சா அடி வாங்கிக்கோ. ஒரு கண்ணாச்சும் மிஞ்சட்டும்."

அடிக்கு அவள் பயப்படவில்லை. அவன் தன்னை விட்டுப் போய்விடுவான் என்றுதான் பயந்தாள். எந்த மனிதனுக்காக நடு ரோட்டில் குதிரைக்குக் குறுக்கே உட்கார்ந்தாளோ, அவனைத் தன் வாயாலேயே துரத்திவிடுவதுபோல இருந்தது. மூன்று நாள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். நான்காம் நாள் காலையில் அவன் தண்ணீர்ச் சொம்பைத் தேடிக் கையைத் துழாவினான். சொம்பு அவன் முன்னாலேயே இருந்தது.

"அந்தப் பொம்பளை நான்தாங்க" என்றாள்.

"எந்தப் பொம்பளை?"

"வளையம் வச்சிருந்தவ."

எல்லாவற்றையும் சொன்னாள். கொட்டகையை மூடினது, டிப்போ, கப்பல், குதிரை. "நீங்க வர்றப்போ லயத்துல இருக்கணும்னு சொன்னீங்களே. அதுக்குத்தான் செஞ்சேன். அது உங்க கல்லுன்னு தெரியாது."

 காளியப்பன் அடிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. வெளியே யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்ததுபோல இருந்தது.

"கல்லு பெருசாத்தான் இருந்துச்சு" என்றான் பிறகு.

அவள் சொம்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"முதல்ல திரும்பி வந்துச்சே, அந்த வேகன்ல பெருசா இருந்ததுல பாதி நான் உடைச்சதுதான். பெருசா உடைச்சாக் குவியல் சீக்கிரம் ஏறும். தீபாவளிக்கு வந்துடுறேன்னு உன்கிட்ட சொல்லியிருந்தேன்ல."

அவள் அழுதிருக்க வேண்டும். அழுகை வரவில்லை. அவனுக்கும் வரவில்லை. இருவரும் அடுப்பில் வெந்துகொண்டிருந்த கஞ்சியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், அவன் பார்த்தானோ என்னவோ. கஞ்சி அடிப்பிடித்தபிறகுதான் அவள் எழுந்தாள்.

அன்று மத்தியானமே அங்கம்மா மஞ்சள் கரைத்துக் கொடுத்தாள். லயத்துப் பாதை கல் ரோட்டில் சேர்கிற முக்குக்கு வெள்ளையம்மா அவன் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அவன் ஒரு பிடி மண்ணை எடுத்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றினான். "விட்டுட்டேன்" என்றான். அங்கம்மா, "பேரைச் சொல்லி விடு" என்றாள். "வெள்ளையம்மாவை விட்டுட்டேன், வெள்ளையம்மா புருஷனையும் விட்டுட்டேன்" என்றான். ரோட்டில் போன வண்டிக்காரன் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்துவிட்டுப் போனான்.

சொட்டு மருந்தும் விட்டார்கள், சாபத்தையும் விட்டார்கள். பங்குனி முடிவதற்குள் அந்தக் கண்ணும் போய்விட்டது.

குருடன் ஒருவனையும் நொண்டி ஒருத்தியையும் வைத்துக்கொண்டு தோட்டம் என்ன செய்யும்? இருவர் பெயரையும் சேர்த்தே டிப்போவுக்குக் கொடுத்தார்கள். வீரமுத்துக் கங்காணி ஒரு மூட்டை அரிசி கொடுத்துவிட்டு மூக்கைச் சிந்தினான். அம்பிகைபாகன் தன் கைக்காசில் இரண்டு போர்வை வாங்கிக் கொடுத்தார். அந்தத் துரை சீமைக்கு லீவில் போய்விட்டார், புதுத் துரைக்கு இவர்களைத் தெரியாது.

ஸ்டேஷன் மேடையில் தகரப் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு வேகனிலிருந்து எதையோ சரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கல்லா?" என்றான் காளியப்பன்.

"ஆமா. அடுத்த டிவிஷன் ரோட்டுக்காம்."

அவன் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டான்.

"உள்ளே இருந்தப்போ, படுக்கும்போது அந்தப் பொம்பளையத் திட்டிட்டுத்தான் படுப்பேன். வாய் ஓயுற வரைக்கும் திட்டுவேன். அப்பத்தான் தூக்கம் வரும். இப்போ அது நீன்னு ஆகிப்போச்சு. உன்னைத் திட்ட வரல. கல்லைப் பெருசா உடைச்சவன் நான்தான்னு என்னைத் திட்டிப் பார்த்தேன், அதுலயும் தூக்கம் வரல." முகத்தை அவள் இருக்கிற பக்கம் திருப்பினான். "அப்போ நான் யாரைத்தான் திட்டுறது, வெள்ளே?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். கண்டிராக்டரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. கிராணி போர்வை வாங்கிக் கொடுத்துவிட்டார், கங்காணி அழுதுவிட்டான். துரை கம்பெனிக்கு வேலை செய்கிறவர் என்றார்கள். கம்பெனி சீமையில் இருக்கிறது என்றார்கள். கம்பெனிக்குக் கண் கிடையாது, தாலி கிடையாது, பெண்டாட்டி பிள்ளை கிடையாது. என்ன அவிய வேண்டும் என்று மண்ணை வாரித் தூற்றுவது?

"சொல்லு" என்றான் காளியப்பன்.

ரயில் வந்துவிட்டது. அவள் அவன் கையைப் பிடித்து எழுப்பினாள்.